எடிட்டர் சொன்னால் வெட்டித்தான் ஆகவேண்டுமா?

என் நாவலைப் படித்த எடிட்டர் நீளமான குறிப்பு அனுப்பினார். பெயர்க் குழப்பம், கால முரண், திரும்பத் திரும்ப வரும் வர்ணனை, இவற்றையெல்லாம் யோசிக்காமல் அவர் சொன்னபடியே திருத்திவிட்டேன். இடித்தது ஒன்றுதான்: "நடுவில் கதை தொய்கிறது, பாட்டி பாத்திரத்தை எடுத்துவிடுங்கள்."

இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தொய்கிறது என்பது வாசகராக அவர் உணர்ந்தது. அதோடு வாதாட முடியாது. பாட்டியை எடுப்பது அவர் சொல்லும் வைத்தியம். வேறு வைத்தியமும் இருக்கலாம். சரி, பார்த்துவிடலாம் என்று கோப்பை நகலெடுத்து, அதில் பாட்டியை முழுசாக நீக்கிப் படித்தேன். வேகம் வந்தது. ஆனால் பேத்தி வீட்டைவிட்டுப் போவதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று. அப்புறம் பாட்டி வரும் பக்கங்களை மட்டும் தனியாகப் படித்தேன். ஒரே பழங்கதை மூன்று அத்தியாயங்களில் வருகிறது! அதை ஒரே சண்டைக் காட்சிக்குள் கொண்டுவந்தேன், பாட்டி தப்பித்தார்.

(ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ்கூட 1861-இல் நண்பர் புல்வர் லிட்டன் சொல்லி 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முடிவை மாற்றினார். எந்த முடிவு நல்லது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.)

காரணங்களோடு எடிட்டருக்கு எழுதினேன். ஒப்புக்கொண்டார், சண்டையில் இன்னும் ஒரு பக்கம் குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.