இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு: வீட்டில் முதல் 6 வாரம்

ஆள் வீடு திரும்புவதற்குள் நாற்காலியையும் கழிப்பறையையும் சரிசெய்துவிடுங்கள். உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். கைப்பிடியுள்ள, 18 முதல் 20 அங்குல உயர நாற்காலி பெரும்பாலானோருக்குச் சரிவரும். தாழ்ந்த சோபா வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேலும் உயரம் கூட்டும் சீட் தேவை. இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால் கமோடு நாற்காலி வாங்குங்கள்.

பின்பக்கம் கீறிச் செய்த அறுவையானால் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்நோக்கித் திருப்பக்கூடாது. மீறினால் புது மூட்டின் பந்து, அது பொருந்தியிருக்கும் கிண்ணத்தைவிட்டுப் பின்னால் நழுவலாம். செருப்பு மாட்டக் குனிவது, கால்மாட்டில் கிடக்கும் போர்வையை எட்டி இழுப்பது என்று சின்ன வேலைகளில்தான் இது மறந்துபோகும். ஒருக்களித்துப் படுக்கும்போது தொடைகளுக்கு நடுவே தலையணை வையுங்கள். முன்பக்கம் கீறியிருந்தால் தடைகள் வேறு. எந்தப் பக்கம் என்று சர்ஜனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது மணிக்கு 10 முறை. தொடையை இறுக்கி 5 விநாடி, பிட்டத்தை இறுக்கி 5 விநாடி, குதிகாலை மெத்தையோடு உரசி இழுத்து முழங்காலை மடக்குவது: தலா 10 முறை, நாளைக்கு 3 வேளை. காலைப் பக்கவாட்டில் விலக்கும் பயிற்சியைப் பிசியோ சொன்ன பிறகே தொடங்குங்கள். சில அறுவைகளில் அந்தத் தசையைப் பிரித்துத் தைத்திருப்பார்கள்.

நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் வாக்கரின் பிடி மணிக்கட்டு மட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் வாக்கர், அடுத்து அறுவை செய்த கால், பிறகு நல்ல கால். திரும்பும்போது அறுவை செய்த காலை ஊன்றிச் சுழலாமல், சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

கைத்தடிக்கு மாறியதும் பலர் செய்யும் பிழை, வலிக்கும் பக்கத்திலேயே தடியைப் பிடிப்பது. எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். ஒற்றைக்காலில் உடல் நிற்கும் நொடியில் இடுப்பு எதிர்ப்பக்கம் சாயாமல் தாங்குவது பக்கவாட்டுத் தசை. அது இன்னும் பலவீனமாக இருப்பதால் தடி பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்கிறது. அவசரப்பட்டுத் தடியை விட்டவர்களுக்கு நொண்டல் பழகிப்போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் அறுவை செய்த காலும் முதலில்.

மாலையில் கால் வீங்கி, உயர்த்திப் படுத்தால் வடிவது வழக்கம்தான். வடியாத வீக்கத்தோடு கெண்டைக்கால் வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து நீவாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108. திடீர் வலியோடு கால் குட்டையாகி ஊன்ற முடியாமல் போனாலும் அப்படியே. யாரும் காலை இழுத்துப் பார்க்கக்கூடாது.