கோட்டை ஹோட்டலில் அறை எடுக்கும் முன்

மலேசியாவின் பத்துகாஜாவில் வளர்ந்த நமக்குக் கோட்டை என்றால் கெல்லி கோட்டைதான். தோட்டத் துரை கெல்லி ஸ்மித் 1926-இல் இறந்ததும் பாதியில் நின்றுபோனது. பார்க்கலாம், தங்க முடியாது. தங்கும் ஆசையில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் போகிறவர்கள் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: அறை பழைய கோட்டைக்கு உள்ளேயா, வெளியே வேறு கட்டடத்திலா?

அயர்லாந்தின் ஆஷ்ஃபோர்ட் கோட்டை 1228-இல் தொடங்கியது, 1939 முதல் ஹோட்டல். அதே வளாகத்தில் 'லாட்ஜ்' என்று தனி விடுதியும் உண்டு. பெயரில் ஆஷ்ஃபோர்ட் இருப்பதால் அவசரத்தில் மாற்றிப் பதிவு செய்துவிடலாம். லாட்ஜும் நல்ல இடம்தான், ஆனால் கோட்டைக்குள் கண்விழிக்கும் ஆசை நிறைவேறாது.

அடுத்தது படிகள். கெல்லி கோட்டையின் குறுகிய படிகளில் அம்மா சுவரைத் தடவித் தடவி ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பழைய சுவர்களை இடிக்க அனுமதி கிடைப்பது கடினம் என்பதால் பல கோட்டைகளில் எல்லா அறைக்கும் லிஃப்ட் போகாது. முட்டிவலி உள்ளவர்கள் வந்தால் கீழ்த்தள அறை வேண்டுமென்று மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் வாங்கி வையுங்கள்.

வாடகை கட்டுப்படியாகவில்லையா? பல கோட்டை ஹோட்டல்களில் மாலைத் தேநீருக்கு மட்டும் முன்பதிவு செய்யலாம். அப்புறம், அங்கேயும் நம் மலேசிய வீட்டு மூன்று முள் பிளக்தான். அடாப்டர் வாங்க வேண்டாம்.