உற்பத்தி வரிசையைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

உற்பத்தி வரிசைக்குச் சிமுலேஷன் மாதிரி செய்ய முனைபவர்கள் பலர், இயந்திரங்களின் முப்பரிமாணப் படங்களை அடுக்குவதிலேயே நாட்களைச் செலவிட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்பாக, மாதிரி விடையளிக்க வேண்டிய கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "இந்த இரண்டு இயந்திரங்களுக்கு இடையே எத்தனை பொருட்கள் காத்திருக்க இடம் விட வேண்டும்?" என்பது போல அது குறிப்பாக இருக்க வேண்டும்.

அடுத்தது தரவு. ஒவ்வொரு இயந்திரமும் ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தனித்தனியாகக் குறித்து, சராசரியை மட்டுமல்லாமல் அந்த நேரங்களின் பரவலையும் மாதிரிக்குள் கொடுங்கள். பழுதுகளுக்கும் இதுவே பொருந்தும். 90 நிமிடம் ஓடி 10 நிமிடம் நிற்கும் இயந்திரமும், 9 மணி நேரம் ஓடி 1 மணி நேரம் நிற்கும் இயந்திரமும் 90 சதவீதம் இயங்குபவைதான்; ஆனால் இரண்டாவதன் நிறுத்தத்தை அடுத்த இயந்திரம் உணராமலிருக்கப் பல மடங்கு பெரிய பஃபர், அதாவது இடையே பொருட்கள் காத்திருக்கும் இடம், தேவைப்படும்.

முழு வரிசையையும் கட்டுவதற்கு முன், விடை தெரிந்த ஒரு சிறு மாதிரியை ஓட்டிப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பைத்தான் நிரல்மொழியில் இலவசமாகக் கிடைக்கும் சிம்பை நூலகமே இதற்குப் போதும். இரண்டு இயந்திரங்களை அடுத்தடுத்து வைத்து, இரண்டுக்கும் எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் (பெரும்பாலும் குறுகிய நேரங்களும் எப்போதாவது மிக நீண்ட நேரங்களும் வரும் பரவல்) சராசரி 60 வினாடி கொடுங்கள். முதல் இயந்திரத்துக்கு மூலப்பொருள் எப்போதும் தயாராக இருக்கட்டும். சராசரியை மட்டும் பார்ப்பவர் மணிக்கு 60 பொருட்கள் வரும் என்பார். இடையே பஃபர் இல்லையென்றால் வருவது 40 மட்டுமே. ஏனெனில் ஒன்று மெதுவாக ஓடும்போது, முடித்த பொருளை இறக்க இடமில்லாமலோ அடுத்த பொருள் வராமலோ மற்றொன்று நின்றுவிடுகிறது. ஒரு பொருளுக்கு இடம் விட்டால் 45, பத்துக்கு விட்டால் சுமார் 55. உங்கள் மாதிரி நீண்ட ஓட்டத்தில் இந்த எண்களை ஒட்டி வரவில்லையென்றால் தவறு நிரலில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகே மேலே செல்லுங்கள்.

மாதிரி காலியான வரிசையுடன் தொடங்குவதால், அது நிரம்பி நிலைபெறும் வரையிலான முடிவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெவ்வேறு தற்போக்கு (ரேண்டம்) எண்களுடன் குறைந்தது பத்து முறையாவது ஓட்டி, சராசரியுடன் முடிவுகளின் வீச்சையும் குறிப்பிடுங்கள். உள்ளே இருக்கும் சராசரி எண்ணிக்கை, வெளியேறும் வேகத்தைத் தங்கும் சராசரி நேரத்தால் பெருக்கியதற்குச் சமம் என்று 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதியையும் பொருத்திப் பாருங்கள்: வரிசைக்குள் சராசரியாக 30 பொருட்கள் இருந்து, மணிக்கு 40 வெளியேறினால், ஒரு பொருள் உள்ளே தங்கும் நேரம் 45 நிமிடமாக இருக்க வேண்டும்.

கடைசியாக, இயந்திரத்தை இயக்குபவர்களை அருகில் அமர்த்தி, ஒரு ஷிப்ட் முழுவதையும் வேகமாக ஓட்டிக் காட்டுங்கள். "இங்கே டூல் மாற்ற நிறுத்துவோமே, அது எங்கே?" என்று அவர்கள் கேட்டால், அந்த நேரத்தையும் அளந்து சேர்த்து மாதிரியை மறுபடி ஓட்டுங்கள்.