கடலோரக் காட்டுமனை வாங்குவதற்கு முன்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தென்கடற்கரையில், பேட்மன்ஸ் பே, நரூமா போன்ற ஊர்களுக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்கள் அடர்ந்த மனை ஒன்று விலைக்கு வரும்போது, கிளைகளுக்கு நடுவே தெரியும் கடல் மனத்தை இழுப்பது இயல்பே. ஆயினும் அங்கே வீடு கட்ட உரிமை உண்டா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தனி உரிமைப்பத்திரம் இருப்பதாலேயே ஒரு நிலத்தில் வீடு கட்டிவிட முடியாது. அந்தப் பகுதிக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சப் பரப்பைவிட மனை சிறியதாக இருந்தால் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றம் மறுக்கக்கூடும். விற்பனை ஒப்பந்தத்துடன் இணைக்கப்படும் 10.7 திட்டமிடல் சான்றிதழில் நிலத்தின் வகைப்பாடும் அது காட்டுத்தீ அபாயப் பகுதியா என்பதும் தெரியவரும். கட்டும் உரிமையைப் பற்றிக் கவுன்சிலிடமிருந்து எழுத்தில் பதில் பெறுங்கள். முகவரின் வாய்மொழி உங்களைக் காப்பாற்றாது.

அடுத்தது தீ. 2019-20 கோடையில் இந்த மாநிலத்தில் மட்டும் 2,400-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. கடலுக்கு அருகில் இருப்பது பாதுகாப்பு என்ற எண்ணத்தை அந்தக் கோடை பொய்யாக்கியது. வீடு தாங்க வேண்டிய வெப்பத்தை ஏ.எஸ். 3959 என்னும் கட்டுமானத் தரம் பி.ஏ.எல். எனப்படும் காட்டுத்தீத் தாக்குதல் நிலைகளாகப் பிரிக்கிறது. மிகக் குறைந்த அபாயநிலைக்கு மேல் 12.5, 19, 29, 40 என ஏறும் எண்கள், ஒரு சதுர மீட்டரின் மீது விழக்கூடிய வெப்பக் கதிர்வீச்சைக் கிலோவாட்டில் குறிப்பவை. அவற்றுக்கும் மேலே இருப்பது, தீச்சுவாலையே வீட்டைத் தொடக்கூடிய நிலை. எண் உயர உயரக் கண்ணாடி, கதவு, கூரை ஆகிய அனைத்தின் செலவும் உயரும். காற்றில் பறந்து வரும் தீப்பொறி உள்ளே புகாதிருக்க, சன்னல் கம்பிவலையின் கண் 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற அளவுக்கு இந்தத் தரம் நுணுக்கமானது.

எந்த நிலை வரும் என்பதை முடிவுசெய்வதில் வீட்டைச் சுற்றி 140 மீட்டருக்குள் உள்ள தாவரங்களின் வகை, அவற்றுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம், அவை நிற்கும் தரையின் சரிவு ஆகியவை முக்கியமானவை. மலைச்சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ, சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் ஏறத்தாழ இருமடங்கு வேகம் பெறுகிறது. எனவே கடல் நன்றாகத் தெரியும் மேட்டு மனை, கீழே காடு இருந்தால், பெரும்பாலும் அதிக ஆபத்தான மனையாகவே இருக்கும். பார்க்கப் போகும்போது வீடு அமையவிருக்கும் இடத்தோடு நின்றுவிடாமல், மரங்களுக்குள் இறங்கி நடந்து, கைபேசியின் சரிவளவியைத் தரையில் வைத்துப் பாருங்கள். மரத்தண்டுகளில் நார்நாராகத் தொங்கும் பட்டை, நெருப்பை உச்சிக்கு ஏற்றிவிடும் ஏணியைப் போன்றது.

மரங்களை வெட்டிவிட்டால் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தீக்கு இரையாகும் தாவரங்களைக் குறைத்து வீட்டைச் சுற்றி அமைக்கும் பாதுகாப்பு வளையம் உங்கள் எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. பக்கத்து நிலமோ தேசியப் பூங்காவோ உங்களுக்காகத் தன் மரங்களை இழக்காது. வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரங்களையும் 50 மீட்டருக்குள் புதர்களையும் அகற்ற அனுமதிக்கும் விதி, ஏற்கெனவே வீடு நிற்கும் இடங்களுக்கானது. வெற்று மனைக்கு அது பொருந்தாது. உயிர்ப்பன்மை மதிப்புள்ள நிலங்களின் அரசு வரைபடத்தில் உங்கள் மனை இடம்பெற்றிருந்தால், மரங்களை அகற்றுவதற்குத் தனி மதிப்பீடும் அந்த இழப்பை ஈடுசெய்யும் செலவும் சேரக்கூடும்.

குழாய்நீர் இல்லாத ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனையில், தீயணைப்புக்கென்றே 20,000 லிட்டர் நீர் இருப்பில் இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வர 4 மீட்டர் அகலப் பாதையும் வேண்டும். கழிவுநீர் இணைப்பு இல்லாவிட்டால், மண் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்ற அறிக்கையைப் பெறாமல் முன்னேற வேண்டாம். தாழ்வான கடலோர மனை என்றால், தோண்டிக் காற்றுப்பட்டால் அமிலம் உண்டாக்கும் அமில சல்பேட் மண் அங்கே உண்டா என்பதையும் கேளுங்கள்.

தற்காலிக விசாவில் இருப்பவர்கள் வெளிநாட்டு முதலீட்டு அனுமதி பெற்றே வாங்க முடியும். வெற்று மனை என்றால், 4 ஆண்டுகளுக்குள் வீட்டைக் கட்டி முடிப்பது வழக்கமான நிபந்தனை. மேற்சொன்ன அறிக்கைகளுக்கே பல மாதங்கள் போகும் என்பதால், இந்தக் கெடு தாராளமானதன்று. ஏலத்தில் வாங்கினால் மனம் மாறுவதற்கான அவகாசமும் இல்லை. ஆகவே கட்டட அனுமதி கிடைத்தால் மட்டுமே விற்பனை முடியும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். விற்பவர் அதற்கு இணங்காவிட்டால், தீ மதிப்பீட்டையும் மண் அறிக்கையையும் கையில் பெற்ற பிறகே கையொப்பமிடுங்கள்.