12 பேர் அலுவலகத்துக்கு எந்தச் சர்வர் இயங்குதளம்? முதல்முறை தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சர்வர் பெட்டி வந்து இறங்கிய பிறகுதான் பல அலுவலகங்களில் இந்தக் கேள்வி எழுகிறது: இதில் விண்டோஸ் சர்வர் போடுவதா, லினக்ஸ் போடுவதா? கேட்பவர் பெரும்பாலும் கணினித் துறைக்காரராக இருக்கமாட்டார். கணக்குப் பார்ப்பவராகவோ, மேலாளராகவோ இருப்பார். அல்லது "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று பொறுப்பு தலையில் விழுந்த இளைஞராக இருப்பார். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எது சிறந்த இயங்குதளம் என்று தேடிக்கொண்டே போனால் முடிவு வராது. இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதிவிடுங்கள். உங்களிடம் ஓடியே ஆகவேண்டிய மென்பொருள் எது? சர்வர் ஒரு நாள் காலையில் எழவில்லை என்றால் யார் வந்து பார்ப்பார்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் முக்கால்வாசி முடிவு கையில் வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு ஆடிட்டர் அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். 12 பேர், 12 கணினிகள், எல்லாவற்றிலும் விண்டோஸ் 11 புரோ. டேலி உண்டு. வாடிக்கையாளர் கோப்புகள் வருடவாரியாகக் குவிந்து கிடக்கின்றன.

படி 1: சர்வரின் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, சர்வர் செய்யவேண்டிய வேலைகளை மட்டும் எழுதுங்கள். நம் ஆடிட்டர் அலுவலகத்துக்கு இப்படி வரும்: எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டர்கள், யார் எதைத் திறக்கலாம் என்ற கட்டுப்பாடு, டேலி தரவு, ஒரு பிரிண்டர், தினசரி பேக்கப். இரண்டு பேர் வீட்டிலிருந்து வேலை செய்யவேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள். பிற்பாடு விலையை மாற்றப்போவது அந்த ஒரு வரிதான்.

கோப்பையும் பிரிண்டரையும் பகிர்வது ஒரு காலத்தில் பெரிய விஷயம். 1980-களில் நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் அதற்காகவே விற்றது. நெட்வொர்க் இயங்குதளம் என்ற பெயர் புழக்கத்தில் ஊன்றியதும் அந்தக் காலத்தில்தான். 1993-இல் விண்டோஸ் என்டி வந்தது. 2000-இல் விண்டோஸ் 2000 சர்வருடன், எல்லோருடைய யூசர் கணக்கையும் பாஸ்வேர்டையும் ஒரே இடத்தில் வைத்து ஆளும் ஆக்டிவ் டைரக்டரி வந்தபின் அலுவலகங்கள் மெல்ல மெல்ல நெட்வேரை விட்டு நகர்ந்தன. இன்று எந்தச் சர்வர் இயங்குதளமும் கோப்பைப் பகிரும். ஆகவே "ஃபைல் ஷேர் வருமா?" என்று கேட்பதில் பயனில்லை.

பட்டியலில் ஒரு பொது ஃபோல்டரும் பிரிண்டரும் மட்டுமே இருந்தால், உங்களுக்குச் சர்வர் இயங்குதளமே தேவைப்படாமல் போகலாம். விண்டோஸ் 11 புரோ கணினி ஒன்றே ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரை தாங்கும். ஆறு பேர் அலுவலகத்துக்கு நல்ல பேக்கப்புடன் அதுவே போதும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

படி 2: மென்பொருள் என்ன கேட்கிறது?

இப்போது அந்தத் தாளில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், அதைச் செய்யும் மென்பொருளின் பெயரை எழுதுங்கள். விற்றவரிடம் இப்படிக் கேளுங்கள்: "இது சர்வரிலேயே ஓட வேண்டுமா, அல்லது தரவு மட்டும் சர்வரில் இருந்தால் போதுமா?" இந்த வித்தியாசம் மிக முக்கியம்.

டேலி விண்டோஸ் நிரல். நிரல் அவரவர் கணினியில் ஓடி, தரவு ஃபோல்டர் மட்டும் சர்வரில் இருக்கிறது என்றால், அந்த ஃபோல்டர் லினக்ஸ் சர்வரிலும் இருக்கலாம். வெளியூரில் இருப்பவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாகச் சர்வருக்குள் வந்து அங்கேயே டேலியைத் திறக்கவேண்டும் என்றால், விண்டோஸ் சர்வர்தான். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதிய பழைய நிரல்கள், விண்டோஸுக்கென்றே எழுதிய சம்பளக் கணக்கு மென்பொருள்கள் விஷயத்திலும் இதே கதைதான். தரவுத்தளத்தை மட்டும் முன்கூட்டியே முடிவுகட்டாதீர்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளமே 2017 பதிப்பிலிருந்து லினக்ஸிலும் ஓடுகிறது.

லினக்ஸ் சர்வரை விண்டோஸ் கணினிகள் எப்படிப் புரிந்துகொள்ளும் என்று பலரும் கேட்பார்கள். அந்தப் பாலத்தின் பெயர் சாம்பா. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுத ஆரம்பித்தது. விண்டோஸ் கோப்பு பரிமாறப் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற நெறிமுறையின் மூன்று எழுத்துகளும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடி அந்தப் பெயரை வைத்தார். சாம்பா ஓடும் சர்வர், உங்கள் ஊழியர்களின் கணினியில் இன்னொரு விண்டோஸ் சர்வர் போலவே தெரியும். 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4 முதல், ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் தலைமைச் சர்வராகவும் (டொமைன் கன்ட்ரோலர்) அது நிற்கும். ஆனால் ஆரம்பநிலைக்காரர்கள் டொமைன் கன்ட்ரோலர் வரை சாம்பாவை இழுக்கவேண்டாம் என்பது என் கருத்து. ஃபைல் ஷேருக்கு அதை முழு மனதோடு பரிந்துரைப்பேன். 12 கணினிகளின் பாஸ்வேர்டுகளையும் விதிகளையும் ஒரே இடத்திலிருந்து ஆளவேண்டும் என்றால், விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி புதியவர்களுக்கு எளிது.

படி 3: லைசென்ஸைக் கணக்குப் போடுங்கள்

நிறைய பேர் வழுக்கி விழும் இடம் இது. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டின் விலையைப் பார்த்துவிட்டு "அவ்வளவுதானே" என்று நினைப்பார்கள். அது பாதிக் கணக்கு.

முதலில் கோர் எண்ணிக்கை. 2016 பதிப்பிலிருந்து லைசென்ஸ் பிராசஸர் கோர்களை, அதாவது பிராசஸருக்குள் இருக்கும் தனித்தனிச் செயலகங்களை, வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு சர்வருக்குக் குறைந்தபட்சம் 16 கோர்களுக்கு வாங்கவேண்டும். உங்கள் பெட்டியில் 8 கோர்தான் இருக்கிறது என்றாலும் 16-க்குத்தான் பணம். அதற்குப் பதிலாக இரண்டு மெய்நிகர் சர்வர்களை, அதாவது மென்பொருளால் பிரித்த தனித்தனிச் சர்வர்களை, அதே பெட்டியில் ஓட்டும் உரிமை ஸ்டாண்டர்டில் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிளையன்ட் ஆக்சஸ் லைசென்ஸ், சுருக்கமாகச் சிஏஎல். சர்வரைத் தொடும் ஒவ்வொரு ஆளுக்கும் அல்லது ஒவ்வொரு கணினிக்கும் ஒன்று வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் 12 பேர், ஆளுக்கொரு கணினி. சிலர் போனிலும் லேப்டாப்பிலும் சேர்த்துத் திறப்பதால் ஆள் கணக்கில் 12 வாங்குவதே லாபம். ஷிஃப்ட் முறையில் 30 பேர் 10 கணினிகளை மாறி மாறிப் பயன்படுத்தும் இடத்தில், கணினிக் கணக்கில் 10 வாங்கினால் போதும். ரிமோட் டெஸ்க்டாப்பில் சர்வருக்குள் வந்து வேலை செய்பவர்களுக்குத் தனியாக இன்னொரு சிஏஎல் உண்டு. முதல் படியில் எழுதிய "வீட்டிலிருந்து வேலை" என்ற வரி இங்கேதான் பணமாகிறது.

25 பேருக்கும் 50 சாதனங்களுக்கும் உட்பட்ட அலுவலகங்களுக்கு எசென்ஷியல்ஸ் என்ற பதிப்பு இருக்கிறது. அதற்குச் சிஏஎல் தேவையில்லை. ஆனால் இப்போது சர்வர் நிறுவனங்கள் வழியாக, பெட்டியோடு சேர்த்துத்தான் கிடைக்கும். எனவே ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

உபுண்டு சர்வர், டெபியன், அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகிய லினக்ஸ் வகைகளுக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை. 12 பேர் 120 பேரானாலும் இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்பவருக்கென்று எடுத்து வையுங்கள்.

படி 4: காலாவதி ஆண்டைப் பாருங்கள்

சர்வர் ஒருமுறை போட்டால் ஏழெட்டு வருடம் ஓடும். அத்தனை காலமும் பாதுகாப்பு அப்டேட் வருமா?

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வின் ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது. 2016-க்கு 2027 ஜனவரி, 2019-க்கு 2029 ஜனவரி, 2022-க்கு 2031 அக்டோபர். 2025 பதிப்புக்கு 2034 வரை. உபுண்டுவில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்று எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள், 24.04 பதிப்புக்கு 2029 வரை இலவச அப்டேட். உபுண்டு புரோ என்ற சந்தாவில் சேர்த்தால் பத்து வருடம் ஆகிறது. அல்மாலினக்ஸ் 9, ராக்கி 9 இரண்டும் 2032 வரை. டெபியன் பதிப்புகளுக்கு ஏறத்தாழ ஐந்து வருடம்.

சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸுக்கு நடந்ததை மறக்கக்கூடாது. 2029 வரை வரும் என்று நம்பிப் போட்டவர்களிடம், 2020 டிசம்பரில், 2021 முடிவோடு நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். அல்மாவும் ராக்கியும் பிறந்ததே அதனால்தான்.

யாராவது பழைய பதிப்பைச் சும்மா தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது பழைய எஸ்எம்பி பதிப்பின் ஓட்டை வழியாக. அதற்கான அப்டேட் அந்த மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்களும், போட முடியாத பழைய பதிப்பு வைத்திருந்தவர்களும்தான் கோப்புகளை இழந்தார்கள்.

படி 5: யார் பார்த்துக்கொள்வார்?

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ஒரு சிறிய அலுவலகத்துக்கு, எனக்குப் பிடித்தது என்பதால் டெபியன் போட்டுக் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு ஒரு யூசரை உருவாக்க அங்கே யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் அவர் இன்னொருவரின் பாஸ்வேர்டில் வேலை செய்தார். சர்வர் பழுதாகவில்லை, தவறு என்னுடையது. அங்கிருந்தவர்களின் கைக்கு எட்டாத ஒன்றை அவர்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஆகவே மூன்று வேலைகளை அலுவலகத்தில் இருக்கும் ஒருவரே செய்யமுடிய வேண்டும்: யூசர் சேர்ப்பது, பாஸ்வேர்டு மாற்றுவது, நேற்றைய பேக்கப் ஓடியதா என்று பார்ப்பது. லினக்ஸ் போட்டால் காக்பிட்டை நிறுவுங்கள். பிரவுசரிலேயே சர்வரின் நிலையையும் யூசர்களையும் பார்க்கலாம். சாம்பாவுக்கு மட்டும் பாஸ்வேர்டு தனியாக வைக்கவேண்டும் என்பதால் அந்த ஒரு கட்டளையைத் தாளில் எழுதிச் சர்வர் மேலேயே ஒட்டிவிடுங்கள். உங்கள் ஊரில் கூப்பிட்டால் வரக்கூடிய இரண்டு ஆட்களின் பெயரையும் எழுதுங்கள். விண்டோஸுக்கு இரண்டு பேர் தேறி, லினக்ஸுக்கு ஒருவரும் தேறவில்லை என்றால் விண்டோஸையே எடுங்கள். வருத்தப்பட வேண்டியதில்லை.

படி 6: பழைய கணினியில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்

விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதனைப் பதிப்பாக இலவசமாக இறக்கலாம். லினக்ஸுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. மூலையில் கிடக்கும் 8 ஜிபி ரேம் கணினி ஒன்று போதும்.

மூன்று யூசர்களை உருவாக்கி, ஒருவருக்கு எழுதும் உரிமை, ஒருவருக்குப் படிக்கும் உரிமை மட்டும், ஒருவருக்கு எதுவும் இல்லை என்று வைத்துச் சோதியுங்கள். பாஸ்வேர்டு இல்லாத பொது ஷேர் வைக்காதீர்கள். ஆபத்து ஒருபுறம் இருக்க, புதிய விண்டோஸ் 11 பதிப்புகள் அதைத் திறக்கவே மறுக்கும்.

அப்புறம் உண்மையான கோப்புகளின் நகலைப் போடுங்கள். குறிப்பாக, தமிழில் பெயர் வைத்த கோப்புகள். விண்டோஸில் ஒரு கோப்பின் பெயர் 255 குறிகள் வரை போகலாம். லினக்ஸில் வழக்கமாகப் பயன்படும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு சேமிப்பு முறையில் 255 பைட்டுகள்தான். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட். அப்படியென்றால் 85 குறிகள். "கி" என்ற எழுத்திலேயே "க" எழுத்தும் உயிர்க்குறியும் சேர்ந்து இரண்டு குறிகள் இருப்பதால், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ஐம்பது சொச்சம்தான் தேறும். "கிழக்குத் தெரு வீடு விற்பனைப் பத்திரம் வாடிக்கையாளர் கையொப்பமிட்டு இரண்டாம் முறை திருத்திய நகல் இறுதி" என்ற வகைப் பெயர்கள் நகலெடுக்கும்போது இங்கேதான் அடிபடும். இதற்காக லினக்ஸை ஒதுக்கவேண்டாம். எத்தனை கோப்புகள் நிற்கின்றன என்று பார்த்துப் பெயரைச் சுருக்கிவிடலாம். சோதனையில் தெரிந்தால் ஒரு மணி நேர வேலை. மாற்றும் நாளில் தெரிந்தால் இரவு முழுக்க உட்காரவேண்டும்.

கடைசியாக, ஒரு ஃபோல்டரை வேண்டுமென்றே அழித்துவிட்டுப் பேக்கப்பிலிருந்து மீட்டெடுங்கள். நீங்கள் செய்யாமல், ஐந்தாம் படியில் தேர்ந்த அந்த ஊழியரைச் செய்யச் சொல்லுங்கள். எந்த இயங்குதளத்தில் அவரால் உதவியில்லாமல் முடிந்ததோ, அதையே வாங்குங்கள். ரிமோட் டெஸ்க்டாப் உண்டென்றால் அதை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவைக்காமல், விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டும் வரச்செய்யுங்கள்.

படி 7: மாற்றும் நாள்

சனிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் ஆரம்பியுங்கள். ஆடிட்டர் அலுவலகமாக இருந்தால், ஜிஎஸ்டி தாக்கல் நெருக்கும் 11, 20 தேதிகளை ஒட்டிய வாரங்களைத் தவிருங்கள். செப்டம்பர் மாதத்தைத் தொடவே வேண்டாம். நகலெடுத்து முடிந்ததும் பழைய சர்வரின் ஷேர்களைப் படிக்க மட்டும் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை யாராவது ஒருவர் பழைய ஐகானைத் திறந்து அதிலேயே சேமித்துவிடுவார். ஒரு மாதம் கழிந்து, மாதக் கடைசிக் கணக்கு ஒன்று புதிய சர்வரில் முழுதாக முடிந்த பிறகு பழையதை அணையுங்கள். அதன் டிஸ்க்கைக் கழற்றி, மேலே தேதியை எழுதி, பீரோவில் வையுங்கள்.