ஏழெட்டுத் (7/8) தாளத்தில் ஜாஸ் ஃபியூஷன்: பதிவுக்கு முன் ஒரு குறிப்பு

சொந்த மெட்டொன்றை, சுற்றுக்கு ஏழு தட்டு வரும் ஏழெட்டுத் தாளத்தில் பதிவு செய்யப் போகிறீர்களா? வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை ஏழு தட்டுக்கும் ஒரே ஒலியில் அடிக்க விடாதீர்கள். நிமிடத்துக்கு 210 தட்டு என்றால் ஒரு சுற்றுக்கு 2 வினாடிதான். அந்த வேகத்தில் டொக் டொக்கென்ற ஒலி காதைத் துளைக்குமே தவிர, சமம் (சுற்றின் முதல் தட்டு) எங்கே விழுகிறது என்று காட்டாது. கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் போல 3+4 ஆகப் பிரித்து, முதல் தட்டுக்கும் நான்காம் தட்டுக்கும் மட்டும் ஒலி வையுங்கள். கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது: ‘தகிட தகதிமி’ என்று சொல்ல வைத்து அதையே வழிகாட்டித் தடமாகப் பதிந்துகொள்ளுங்கள், டிரம்ஸ் முடிந்ததும் நீக்கிவிடலாம். மெட்டு 4+3 ஆக நடந்தால் சொற்கட்டும் ‘தகதிமி தகிட’ என்று மாற வேண்டும். கிதார் ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமும் இழுத்தால் எந்த எடிட்டிங்கும் காப்பாற்றாது.

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பதிபவர்கள் கவனிக்க: ஆத்தங்குடிக் கல் தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஓசையை அப்படியே திருப்பியடிக்கும், மூன்றும் நான்கும் ஒன்றோடொன்று குழம்பும். டிரம்ஸைச் சிறிய அறையில் ஜமுக்காளம் விரித்து, சுவரோரம் பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து வையுங்கள். நீண்ட சுரங்கள் பிடிக்கும் சாக்சபோனுக்கு மட்டும் வளவு (வீட்டின் உள்முற்றம்) அழகு சேர்க்கும். அங்கே தூரத்தில் இன்னொரு மைக் வைத்து, தனித் தடத்தில் பதியுங்கள். புறாக்கள் அடங்கிய பிறகு தொடங்குவது உத்தமம்.