நிறுத்தி வைக்கும் வண்டியில் பாதி டேங்க் பெட்ரோல் வேண்டாம்

பழைய மோட்டார் சைக்கிளையோ காரையோ மூன்று நான்கு வாரங்களுக்கு ஓட்டாமல் நிறுத்தி வைப்பதாக இருந்தால், குறிப்பாக மழைக்காலத்தில், டேங்கைப் பாதி காலியாக விடாமல், விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை பெட்ரோல் நிரப்பி, மூடியை இறுக மூடிவிட்டு நிறுத்துங்கள். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) உள்ள வண்டியானால், பெட்ரோல் டேப்பை அடைத்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டரில் தங்கியுள்ள பெட்ரோலைத் தீர்த்துவிடுங்கள்.

இன்று இந்தியாவில் பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து தயாராகும் எத்தனால், டேங்கின் காலி இடத்தில் தங்கும் ஈரக்காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீர் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படிந்துவிடும். டேங்கிலிருந்து இன்ஜினுக்கு முதலில் போவது அந்த அடிப்படிவுதான் என்பதால் வண்டி கிளம்ப மறுக்கும், இரும்பு டேங்கும் உட்புறம் துருப்பிடிக்கும். ஒரு டேங்க் பெட்ரோலுக்கு இப்போது செய்யும் செலவு வீணல்ல, எப்படியும் பின்னர் ஓட்டப்போவதுதான்.

அன்றாடம் ஓட்டி அடிக்கடி பெட்ரோல் போடும் வண்டிக்கு இது தேவையில்லை. கார்புரேட்டருக்குப் பதிலாக பம்ப் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் தீரும்வரை ஓடவிடவே கூடாது. டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலால்தான் குளிர்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், நிரப்புவதைவிட, மெக்கானிக்கைக் கொண்டு டேங்கை முழுமையாக வடித்துவிடுவதே நல்லது.